பெயர் இல்லாத ஸ்விட்ச்

சொந்தக் கையால் ஏதாவது ஒரு மின்சார யந்திரத்தைச் செய்து பார்க்கிறவர்களுக்கெல்லாம் பொதுவாக ஒரு வியாதி உண்டு. உள்ளே ஓடும் கம்பிகளையும், டிரான்ஸிஸ்டர்களையும், ரிலேக்களையும் பற்றி இராத் தூக்கமில்லாமல் யோசிப்பார்கள். யந்திரம் ஓட ஆரம்பித்துவிட்டால் ஆனந்தக் கூத்தாடுவார்கள். கடைசியில் வெளியே கைபடும் பலகையில் ஸ்விட்சுகளை வரிசையாக முடுக்கிவிட்டு, "எது எது என்று அப்புறம் எழுதிக்கொள்ளலாம்" என்பார்கள். அந்த "அப்புறம்" என்கிற சுபதினம் எந்தப் பஞ்சாங்கத்திலும் வருவதில்லை.

இந்த வியாதி நமக்கும் இருந்தது. அது எப்படித் தீர்ந்தது என்பதையும், தீர்த்து வைத்த வைத்தியர் யார் என்பதையும் நேயர்களுக்குச் சொல்வதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம், சேலையூர் பக்கங்களில் குடியிருப்பவர்களுக்குத் தண்ணீர்ப் புராணத்தை நாம் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. கோடையில் லாரிக்காகக் காத்திருப்பதும், ஐப்பசி கார்த்திகையில் வாசலில் படகு வராதா என்று காத்திருப்பதும் இந்தப் பக்கத்து வாழ்க்கையின் இரண்டு காண்டங்கள். வீட்டுக்கு வீடு தரைக்கு அடியில் ஒரு கீழ்த்தொட்டி. மாடியில் ஒரு மேல்தொட்டி. இரண்டுக்கும் நடுவே ஒரு மோட்டார். மேல்தொட்டி நிரம்பி வழிந்து தெருவெல்லாம் ஓடும்போது, "மோட்டாரை நிறுத்துங்கள் ஸார்!" என்று அடுத்த வீட்டுக்காரர் போடும் கூச்சலே இப்பகுதியின் சுப்ரபாதம்.

மேற்குத் தாம்பரத்தைத் தாண்டி முடிச்சூர்ப் பக்கம் இருந்த நமது வீட்டில் இந்தச் சுப்ரபாதத்துக்கு முற்றுப்புள்ளி வைக்க எண்ணினோம். மேல்தொட்டியில் தண்ணீர் குறைந்தால் மோட்டார் தானாக ஓட வேண்டும்; நிரம்பினால் தானாக நிற்க வேண்டும்; கீழ்த்தொட்டி வற்றினால் மணி அடிக்க வேண்டும். இரண்டு மாத காலம் ஞாயிற்றுக்கிழமைகளைப் பலிகொடுத்து இந்த யந்திரத்தைச் செய்து முடித்தோம். சமையலறைக்கு வெளியே சுவரில் ஓர் அலுமினியப் பலகை. அதில் இடமிருந்து வலமாக ஏழு ஸ்விட்சுகள். மேலே சிவப்பாக ஒரு விளக்கு. ஏழும் ஒரே கடையில் வாங்கியவை. ஒரே அச்சில் வார்த்தவை. எது எதற்கு என்பது நமக்கு மட்டும் மனப்பாடம். பலகையைப் பார்த்தவர்கள் எல்லாரும், "ஆகாய விமானம் மாதிரி இருக்கிறதே!" என்று புகழ்ந்தார்கள். நாமும் அதைப் புகழ்ச்சி என்றே எடுத்துக்கொண்டோம்.

மூன்றாவது எது?

2015-ம் வருஷம் டிசம்பர் மாதம் 1-ந் தேதி சென்னையின் தென்புறத்தில் பெய்த மழையை யாரும் மறந்திருக்க முடியாது. மறுநாள் காலையோடு முடிந்த இருபத்துநாலு மணி நேரத்தில் தாம்பரத்தில் மட்டும் சுமார் 49 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. அடையாறு கரைபுரண்டு முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் புகுந்தது. ரயில்கள் நின்றுவிட்டன.

அன்று நாம் காரியமாக வெளியூர் போயிருந்தோம். நமது மனைவியார் கிண்டியில் தமது ஆபீஸிலேயே அகப்பட்டுக்கொண்டார். வீட்டில் இருந்தவர்கள் எழுபது வயது கடந்த நமது தாயாரும், பத்து வயதுப் பெண் குழந்தையும்தான்.

இரவு ஒன்பது மணிக்கு மேல் தாயாரிடமிருந்து டெலிபோன் வந்தது. "வாசல் படியைத் தண்ணீர் தாண்டிவிட்டது. சாக்கடைத் தண்ணீரெல்லாம் கீழ்த்தொட்டிக்குள் இறங்குகிறது. உன் மோட்டார் தானாக ஓடி அதை மேலே ஏற்றிவிடப் போகிறதே! எதை அணைக்க வேண்டும்?" என்று கேட்டாள். மின்சாரம் அப்போது இன்னும் இருந்தது. தாயாரின் சமயோசித புத்தியை மெச்சிக்கொண்டே நாம், "அம்மா, மூன்றாவது ஸ்விட்சை அணைத்துவிடு" என்றோம். அத்துடன் டெலிபோன் அறுந்துவிட்டது. அப்புறம் இரண்டு நாள் வரை ஒரு தகவலும் இல்லை.

மூன்றாவது ஸ்விட்ச் என்றால் எந்தப் பக்கத்திலிருந்து மூன்றாவது? நாம் இடமிருந்து எண்ணினோம். சமையலறையிலிருந்து வெளியே வரும் தாயாரோ பலகையின் வலப்புறத்தில்தான் வந்து நிற்பாள். அவள் வலமிருந்து எண்ணினாள். இடமிருந்து மூன்றாவது, மோட்டாரின் தானியங்கிக் காரியத்தை நிறுத்துவது. வலமிருந்து மூன்றாவது, தானியங்கி கெட்டுப்போனால் மோட்டாரை நேராக ஓட்டுவது.

அந்த ஸ்விட்சைத் தட்டியதும் சிவப்பு விளக்கு எரிந்தது. "சிவப்பு எரிகிறது பாட்டி, நின்றுவிட்டது" என்றது குழந்தை. மழை இரைச்சலில் மோட்டாரின் சப்தம் யார் காதிலும் விழவில்லை. பாட்டியும் பேத்தியும் நிம்மதியாக மூட்டை முடிச்சுகளைப் பரண்மேல் ஏற்றப் போனார்கள். மின்சார இலாகாவார் இணைப்பைத் துண்டிக்கும் வரையில், சுமார் இருபது நிமிஷம், சாக்கடை கலந்த வெள்ளம் மேல்தொட்டிக்கு ஏறிக்கொண்டே இருந்தது.

சுற்றிலும் ஆள் ஆழத்துக்குத் தண்ணீர். குடிப்பதற்கு ஒரு சொட்டு இல்லை. மாடி வீட்டுக்காரர்கள் தங்களுக்கே போதாத தண்ணீரிலிருந்து கொடுத்த இரண்டு குடத்தைக் கொண்டு மூன்று நாள் கழிந்தது. குழந்தைக்கு வயிற்றுப்போக்குக் கண்டு, நல்ல வேளையாகக் குணமாயிற்று.

திரும்பி வந்ததும் நமது தாயாரிடம் நடந்ததைக் கேட்டோம். "ஏண்டா, சிவப்பு விளக்கு எரிந்தால் நிற்க வேண்டும் என்றுதானே ஊர் உலகத்தில் சொல்கிறார்கள்? உன் வீட்டில் மாத்திரம் சிவப்பு என்றால் 'ஓடுகிறது' என்று அர்த்தமா?" என்றாள். நமக்குப் பதில் சொல்ல வாய் எழவில்லை.

மூன்று பழைய பாடங்கள்

பிற்பாடு விசாரித்ததில் நம்மைப் போன்ற மேதாவிகள் உலகத்தில் ஏராளம் என்று தெரிந்து ஒருவாறு ஆறுதல் அடைந்தோம்.

இரண்டாவது உலக யுத்தத்தின்போது அமெரிக்காவின் பி-17 என்னும் பெரிய குண்டு வீச்சு விமானங்கள், போர்முனையிலிருந்து பத்திரமாகத் திரும்பித் தரையில் இறங்கிய பிறகு, ஓடுபாதையிலேயே வயிறு தரையில் மோத விழுந்துகொண்டிருந்தன. இறக்கையின் மடிப்பை மடக்க வேண்டிய விமானி, சக்கரங்களை மடக்கிவிடுவார்! அல்போன்ஸ் சபானிஸ் என்னும் மனோதத்துவ நிபுணர் விமானியின் இருக்கையில் உட்கார்ந்து பார்த்தார். இரண்டு காரியங்களுக்கும் ஒரே மாதிரியான பிடிகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. சக்கரத்துக்கு உரிய பிடியில் ஒரு சின்ன ரப்பர்ச் சக்கரத்தையும், இறக்கை மடிப்புக்கு உரிய பிடியில் ஆப்பு வடிவமான ஒரு துண்டையும் வைத்தார். இருட்டில் தடவிப் பார்த்தாலும் கைக்குத் தெரிந்துவிடும். அந்த விபத்து மறைந்தது.

1979-ல் அமெரிக்காவில் மூன்று மைல் தீவு என்னுமிடத்து அணுமின் நிலையத்தில் நேர்ந்த பெரிய விபத்திலும் ஒரு விளக்குக்குப் பங்கு உண்டு. ஒரு வால்வு மூடிக்கொண்டதா என்று ஊழியர்கள் பலகையைப் பார்த்தார்கள். மூடும்படி உத்தரவு போய்விட்டது என்பதைத்தான் அந்த விளக்கு காட்டிற்று. வால்வு உண்மையில் மூடியதா என்பதைக் காட்டவில்லை. வால்வு திறந்தே கிடந்தது.

மூன்றாவது பாடம் ரயில்வேயில் இருக்கிறது. பழைய சிக்னல் அறைகளில் கைகாட்டிகளை இழுக்கும் நெம்புகோல்கள் வரிசையாக நிற்கும். நிறுத்தும் சிக்னலுக்குச் சிவப்பு, முன்னறிவிப்புச் சிக்னலுக்கு மஞ்சள், தண்டவாளத்தைத் திருப்புவதற்குக் கறுப்பு, பூட்டுக்கு நீலம், உபயோகத்தில் இல்லாததற்கு வெள்ளை என்று வர்ணம் தீட்டியிருப்பார்கள். நூற்றுக்கணக்கான உயிர்கள் ஒரு நெம்புகோலில் இருக்கும்போது, "அப்புறம் எழுதிக்கொள்ளலாம்" என்று யாரும் சொல்ல முடியாது அல்லவா?

குரோம்பேட்டையில் கிடைத்த வைத்தியம்

2016-ம் வருஷம் பொங்கல் கழிந்ததும் புதிய பலகை செய்வதென்று சங்கல்பம் செய்துகொண்டு, சாமான் வாங்க ரிச்சி தெருவுக்குப் புறப்பட்டோம். தாம்பரத்துக்கும் கடற்கரைக்கும் நடுவே மின்சார ரயில் ஓட ஆரம்பித்தது 1931-ல். மின்சாரம் என்றாலே பயந்து ஒதுங்கிய காலத்தில் நம் பக்கத்து ஜனங்கள் அதில் ஏறி உத்தியோகத்துக்குப் போய்வந்தார்கள் என்பது நமக்குப் பெருமையான விஷயம்.

ரயில் குரோம்பேட்டையில் நின்றபோது ஒரு யோசனை தோன்றியது. 1949-ல் சி. ராஜம் என்னும் பெருந்தகையாளர் மெட்ராஸ் இன்ஸ்டிடியூட் ஆப் டெக்னாலஜியை இந்தக் குரோம்பேட்டையில்தான் ஸ்தாபித்தார். அப்துல் கலாம் விமானப் பொறியியல் கற்றது இங்கேதான். எலெக்ட்ரானிக்ஸ் கற்றுப்போன மாணாக்கர்களில் ஒருவர் ரங்கராஜன். "சுஜாதா" என்ற பெயரில் வாராவாரம் தமிழ்க் குடும்பங்களைக் காத்திருக்க வைத்தவர் அவரே. பங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் ஸ்தாபனத்தில் உத்தியோகம் பார்த்தபோது, நமது தேசத்தின் மின்னணு வாக்குப் பதிவு யந்திரத்தை உருவாக்கியதில் அவருக்கு முக்கியமான பங்கு உண்டு.

இவ்வளவும் நமக்கு முன்பே தெரிந்ததுதான். ஆனால் அன்றைக்குத்தான் மண்டையில் உறைத்தது. அந்த யந்திரத்தில் வாக்காளர் காண்பது என்ன? பெயர் எழுதிய ஒரு ஸ்விட்சுப் பலகை! எத்தனையோ தடவை அதன் பொத்தானை அழுத்தியிருக்கிறோம். ஒரு தடவையாவது அதைக் கண் திறந்து பார்த்ததில்லை.

யோசித்துப் பாருங்கள். படித்தவர், படியாதவர், நடுங்கும் கையுள்ள கிழவர், முதல் முதலாக வந்திருக்கும் பதினெட்டு வயதுப் பிள்ளை ஆகிய எல்லாரும் அதன் முன் தனியாக நிற்க வேண்டும். பக்கத்தில் வந்து, "மூன்றாவதை அழுத்துங்கள்" என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. பலகையேதான் பேச வேண்டும்.

1982-ல் கேரளத்துப் பரவூர்த் தொகுதியில் 50 வாக்குச் சாவடிகளில் இந்த யந்திரத்தை முதல் முதலாக உபயோகித்தார்கள். சட்டத்தில் இதற்கு இடம் இல்லை என்று சுப்ரீம் கோர்ட் 1984-ல் தீர்ப்புச் சொல்லவே, பிறகு சட்டத்தைத் திருத்த வேண்டியதாயிற்று. 2001-ல் தமிழ்நாட்டுச் சட்டசபைத் தேர்தல் முழுதும் இந்த யந்திரத்திலேயே நடந்தது. 2004-ல் தேசம் முழுவதும் பாராளுமன்றத் தேர்தலுக்கு இதுவே வந்துவிட்டது.

பலகையின் அமைப்பைக் கவனியுங்கள். ஒவ்வொரு வரிசையிலும் பெயர், அதற்கு நேராகச் சின்னம், அதற்கு நேராகச் சிவப்பு விளக்கு, அதற்கு நேராக நீலப் பொத்தான். கண்ணும் கையும் ஒரே கோட்டில் போகின்றன. எழுத்துத் தெரியாதவருக்குச் சின்னம். கண் தெரியாதவருக்குத் தடவி அறியும் பிரெயில் எண். அழுத்தியவுடன் அந்த வரிசையின் விளக்கே எரியும். கூடவே ஒரு சப்தம். பெயர்ச் சீட்டு காகிதத்தில் அச்சிட்டது. ஒளி புகும் தகட்டுக்கு அடியில் இருப்பதால் கைபட்டு அழியாது. தேர்தலுக்குத் தேர்தல் மாற்றிக்கொள்ளலாம். ஒரு பலகைக்குப் பதினாறு வரிசை. வேட்பாளர் குறைவாயிருந்தால் மிச்சப் பொத்தான்களை மூடிவிடுவார்கள். அதிகாரியிடம் இருக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டியிலோ, வாக்குப் பதிவை முடிக்கும் பொத்தானும் முடிவைக் காட்டும் பொத்தானும் மூடிக்கு அடியில் பத்திரமாக இருக்கின்றன. கை தவறிப் பட்டுவிடக் கூடாதல்லவா?

அளவுக்கு மிஞ்சினால் என்ன ஆகும் என்பதற்கும் நம் நாட்டிலேயே உதாரணம் உண்டு. 1996-ல் மொடக்குறிச்சிச் சட்டசபைத் தொகுதியில் 1033 பேர் வேட்பாளராக நின்றார்கள். வாக்குச் சீட்டு என்பது வாக்குப் புஸ்தகமாகிவிட்டது. எல்லாவற்றையும் ஒரே பலகையில் திணிக்கப் பார்க்கும் நம்மைப் போன்றவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

எழும்பூரில் இறங்கும்போது புதிய பலகையின் படம் மனத்தில் தயாராகிவிட்டது.

பலகை செய்யும் விதம்

செய்து பார்க்க விரும்பும் நேயர்களுக்காகச் சற்று விவரமாகவே சொல்கிறோம்.

முதலில் ஓர் எச்சரிக்கை. 230 வோல்ட் மின்சாரத்தைக் கைபடும் பலகைக்குக் கொண்டுவராதீர்கள். மோட்டாருக்குப் போகும் கம்பியும் அதைத் திறந்து மூடும் கான்டாக்டரும் தனியான மூடிய பெட்டியில் இருக்கட்டும். அந்த வேலையை லைசென்ஸ் பெற்ற எலெக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே இணைப்பைத் துண்டிக்கும் பாதுகாப்புக் கருவியும் வீட்டில் இருப்பது அவசியம். நமது பலகையில் ஓடுவது வெறும் 12 வோல்ட். அது ஒரு ரிலேயை இயக்கும். ரிலே கான்டாக்டரை இயக்கும். ரிலேயின் சுருளுக்குக் குறுக்கே ஒரு டையோடு போட மறக்க வேண்டாம். இல்லாவிட்டால் ரிலே விடும்போதெல்லாம் கிளம்பும் உதை டிரான்ஸிஸ்டரைக் கொன்றுவிடும்.

கடையில் ஸ்விட்ச் கேட்டால், "எத்தனை ஆம்பியர்?" என்றுதான் முதலில் கேட்பார்கள். "ஏ.சி.யா, டி.சி.யா?" என்பதையும் நீங்களே சொல்லிவிடுங்கள். நம் வீட்டுக்கு வரும் ஏ.சி. மின்சாரம் வினாடிக்கு நூறு தடவை பூஜ்யத்தைத் தொட்டுப் போவதால், ஸ்விட்ச் திறக்கும்போது உண்டாகும் பொறி தானே அணையும். டி.சி.யில் அந்தச் சலுகை கிடையாது. ஆகையால் ஒரே ஸ்விட்ச் ஏ.சி.யில் தாங்குமளவு டி.சி.யில் தாங்காது.

பலகைக்கு 2 மி.மீ. கனமுள்ள அலுமினியத் தகடு போதும். முதலில் காகிதத்தில் உண்மை அளவுக்குப் படம் போடுங்கள். படத்தைச் சுவரில் ஒட்டி, வீட்டில் உள்ளவர்களை அதன் முன் நிறுத்தி, விரலால் தொடச் சொல்லுங்கள். யந்திரம் செய்ய இரண்டு மாதம் செலவிட்ட நாம், இந்தப் பத்து நிமிஷத்தைச் செலவிடாமல் போனோம். ஸ்விட்சுக்கு ஸ்விட்ச் மையத்திலிருந்து மையம் 40 மி.மீ. விட்டால் பருத்த விரலும் பக்கத்து ஸ்விட்சில் படாது. முடுக்கும் நட்டும் வாஷரும் எவ்வளவு இடத்தை அடைத்துக்கொள்ளும் என்பதையும் படத்தில் வட்டமிட்டுக்கொள்ள வேண்டும். நமது முதல் மாதிரியில் ஒரு நட்டு "மாடி" என்பதன் பாதியை விழுங்கி "மா" என்று நிறுத்திவிட்டது.

படத்தைத் தகட்டின்மேல் ஒட்டி, ஒவ்வொரு மையத்திலும் சென்டர் பஞ்சால் ஒரு தட்டுத் தட்டுங்கள். அந்தக் குழி இல்லாவிட்டால் டிரில் வழுக்கிக்கொண்டு போகும். அடியில் ஒரு மரக்கட்டையை வைத்து, முதலில் 3 மி.மீ., பிறகு 6 மி.மீ., கடைசியில் 12 மி.மீ. என்று படிப்படியாகத் துளையைப் பெரிதாக்க வேண்டும். சாதாரண நெம்பு ஸ்விட்சுக்கு 12 மி.மீ. துளை, சின்ன ஜாதிக்கு 6 மி.மீ. பிசிறை அரத்தால் ராவிவிடுங்கள். பெயர்ச் சீட்டின்மேல் மூடும் அக்ரிலிக் தகட்டையும் இதே படத்தை வைத்துத் துளைக்கலாம். ஆனால் மெதுவாகச் சுற்ற வேண்டும். அவசரப்பட்டால் அது உருகும், இல்லாவிட்டால் விரியும். உலோகப் பலகையை எர்த்துடன் சேர்த்துவிடுவது உத்தமம்.

இனி அடுக்கும் முறை. முன்பு நாம் கம்பி பற்றவைத்த வரிசைப்படி ஸ்விட்சுகளை வைத்திருந்தோம். இப்போது வீட்டின் படத்தையே பலகையில் வரைந்தோம். கீழே ஒரு தொட்டி, மேலே ஒரு தொட்டி, நடுவே ஒரு குழாய்க் கோடு. கீழிருந்து மேலே தண்ணீர் ஏற்றும் ஸ்விட்ச் அந்தக் கோட்டின்மேல் உட்கார்ந்தது. போர்க் கிணற்றுக்கு உரியது கிணற்றுப் படத்தின்மேல். மொட்டைமாடி விளக்கு மொட்டைமாடியில். இடமிருந்தா வலமிருந்தா என்ற வியாஜ்யமே இனி எழாது. எல்லாவற்றையும் நிறுத்தும் ஒரே ஒரு ஸ்விட்சை மட்டும் தனியாக ஒதுக்கி, உருண்டையான பெரிய குமிழ் வைத்தோம். இருட்டில் தடவினால் அது ஒன்றுதான் அப்படி இருக்கும். தானியங்கியை ஒதுக்கிவிட்டு மோட்டாரை நேராக ஓட்டும் அந்தப் பொல்லாத ஸ்விட்சுக்கோ, தூக்கினால்தான் கை போகும்படி ஒரு மூடி.

விளக்கு விஷயத்தில் இரண்டு திருத்தங்கள் செய்தோம். ஓடினால் பச்சை; நின்றால் சிவப்பு. முன்பு விளக்கு ஸ்விட்சிலிருந்தே எரிந்தது. இப்போது மேல்தொட்டியில் குழாய் வாய்க்கு நேராகத் துருப்பிடியாத எஃகுக் கம்பிகள் இரண்டைப் பொருத்தியிருக்கிறோம். தண்ணீர் விழுந்து இரண்டையும் இணைத்தால்தான் பச்சை எரியும். உத்தரவு போனதற்கு அல்ல, காரியம் நடந்ததற்கே விளக்கு சாட்சி சொல்ல வேண்டும்.

நாமகரணம்

பெயர் எழுதும் கட்டம் வந்தபோது நமது பாண்டித்தியம் தலை தூக்கிற்று. முதலில் இங்கிலீஷில் எழுதினோம், தாயார் படிக்கவில்லை. பிறகு சுத்தத் தமிழில், "ஆழ்துளைக் கிணற்று நீரேற்றி இயக்கி" என்று எழுதி வாசித்துக் காட்டினோம்.

"இது என்ன, ஸ்விட்சுக்குப் பெயரா, சகஸ்ரநாமமா?" என்றாள் தாயார். "இதைப் படித்து முடிப்பதற்குள் வெள்ளம் வடிந்துவிடும்."

"அப்படியானால் நீயே சொல்" என்றோம்.

அவள் பலகையின் முன் நின்று ஒவ்வொன்றையும் காட்டி, "இது எதற்கு?" என்று கேட்டாள். நாம் சொன்ன பதிலில் அவளுக்குப் புரிந்த பாகமே பெயராயிற்று. "மோட்டார் 2" என்று நாம் அழைத்துவந்தது, "மாடிக்குத் தண்ணீர்" ஆயிற்று. "கீழ்மட்ட எச்சரிக்கை" என்பது, "கீழ்த்தொட்டி மணி." தானியங்கியின் பெயர், "தானே ஓடட்டும்." எல்லாவற்றையும் நிறுத்தும் பெரிய குமிழுக்கு, "எல்லாம் நில்." யந்திரத்துக்குள் என்ன இருக்கிறது என்பதை நமது பெயர்கள் சொல்லின, தட்டினால் என்ன நடக்கும் என்பதைத் தாயாரின் பெயர்கள் சொல்லின. தட்டுகிறவருக்கு வேண்டியது இரண்டாவதுதானே?

தமிழில் எழுதுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நமது எழுத்தில் புள்ளிதான் உயிர். சின்ன அச்சில் புள்ளி மங்கிவிட்டால் "நில்" என்பது "நில" ஆகிவிடும். ஒரு மீட்டர் தூரத்திலிருந்து படிக்க எழுத்தின் உயரம் 5 மி.மீ.யாவது வேண்டும் என்பார்கள். வயதானவர்கள் இருக்கும் வீட்டில் 8 மி.மீ.க்குக் குறையாமல், வெள்ளையில் கறுப்பாக, புள்ளி தெளிவாகத் தெரியும்படி வைப்பது நல்லது.

ஒரு பக்கம் போட்டால் ஓடும், மறு பக்கம் போட்டால் நிற்கும் என்பதையும் எழுதியே தீரவேண்டும். பிரிட்டிஷ் வழக்கப்படி நம் வீட்டுச் சுவர் ஸ்விட்சுகள் கீழே தள்ளினால் எரியும். அமெரிக்காவிலோ மேலே தள்ளினால் எரியும். ஆகவே எல்லாருக்கும் தெரியும் என்று எண்ணி விட்டுவிடக் கூடாது. கடைசியாக, பலகையின் பின்புறத்துக் கம்பிகளுக்கும் முனைக்கு முனை எண் கட்டி, படத்தைப் பெட்டியின் உட்புறம் ஒட்டினோம். நாளைக்கு நாம் இல்லாதபோது பழுது பார்க்க வருகிற எலெக்ட்ரீஷியனும் ஒரு வாக்காளர்தான்.

பரீட்சை

பலகையை மாட்டிய அன்றிரவு வீட்டு விளக்குகளையெல்லாம் அணைத்தோம். பேட்டரி விளக்கு ஒன்றைக் கையில் கொடுத்து, முன்பின் பலகையைப் பார்த்திராத அடுத்த வீட்டு அம்மாளை அழைத்துவந்து, "மாடிக்குத் தண்ணீர் போகாமல் நிறுத்துங்கள்" என்றோம். நாம் வாயைத் திறக்கக் கூடாது என்பது நிபந்தனை. அந்த அம்மாள் பலகையை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தார். நேராகக் கையை வைத்து நிறுத்தினார். "இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம்?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். நமக்குக் கிடைத்த புகழ்ச்சிகளிலெல்லாம் அதையே மேலாக மதிக்கிறோம்.

உண்மையான பரீட்சை 2023-ல் வந்தது. டிசம்பர் மாதம் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் சென்னையைச் சுற்றிக்கொண்டு பெய்த மழையில் முடிச்சூர்ப் பக்கம் மறுபடியும் வெள்ளக்காடாயிற்று. அப்போதும் நாம் ஊரில் இல்லை. பதறியடித்துக்கொண்டு டெலிபோன் செய்தோம். பாட்டிக்குக் கண் மங்கிவிட்டது. ஆனாலும் அவள்தான் எடுத்தாள்.

"தண்ணீர் வாசல்வரை வந்தது. உருண்டைக் குமிழைத் தடவிப் பார்த்து நானே திருப்பிவிட்டேன். மேல்தொட்டியில் நல்ல தண்ணீர் முக்கால் அளவு இருக்கிறது. மாடி வீட்டுக்காரர்களுக்கும் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். நீ உன் வேலையைப் பார்" என்றாள்.

எட்டு வருஷத்துக்கு முந்திய இரண்டு குடத்துக் கடன் அன்று தீர்ந்தது.

2024-ம் வருஷம் ஏப்ரல் 19-ந் தேதி தமிழ்நாட்டில் பாராளுமன்றத் தேர்தல் நடந்தது. வெள்ளத்தன்று பத்து வயதாயிருந்த நமது பெண் முதல் முதலாக வாக்களிக்கப் போனாள். பாட்டியைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனதும் அவள்தான். திரும்பி வந்ததும், "பயமாக இருந்ததா?" என்று கேட்டோம்.

"எதற்குப் பயம் அப்பா? நம் வீட்டுப் பலகை மாதிரியேதான் இருக்கிறது" என்றாள்.

பாட்டி விரலில் இருந்த மையைப் பார்த்துக்கொண்டே, "எனக்கும் யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை" என்றாள்.